கண் கற்கும் வண்ணம்

நுழையும்முன்

'வண்ணம்' என்னும் சொல் நிறத்தையும் குறிக்கும்; விதத்தையும் குறிக்கும். ஓவியம் பயில்வோர் இவ்விரண்டையும் சேர்த்தே கற்க வேண்டியுள்ளது. பட்டாசும் அச்சும் நாட்காட்டிப் படங்களும் பிறக்கும் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பகுதியையே வகுப்பறையாகக் கொண்டு, ஒளியையும் நிறத்தையும் காண்பதற்குக் கண் எவ்வாறு பழகுகிறது என்பதை இப்பாடம் பேசுகிறது.

பெயர் மறைக்கும் நிறம்

சாத்தூர்த் தொடர்வண்டி நிலையத்தில் வண்டி நின்றதும் வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகள் சன்னலோரம் வந்துவிடும். வைப்பாற்றங்கரை மண்ணில் விளையும் அப்பிஞ்சின் சுவையை அறிந்தவர் பலர். அதன் நிறத்தை அறிந்தவர் எத்தனை பேர் என்பதே நம் வினா. 'இதிலென்ன ஐயம்? பச்சைதானே!' என்று தோன்றும். அவ்வாறு தோன்றும் இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

ஒரு பிஞ்சை வெள்ளைத்தாளின்மீது வைத்துச் சன்னலருகே அமர்ந்து வண்ணம் தீட்டுமாறு கூறினால், மாணவர் பெரும்பாலும் பச்சை வண்ணப் புட்டியைத்தான் முதலில் திறப்பர். காய் முழுவதும் ஒரே பச்சையாக நிரம்பும். அடியில் கறுப்பாக ஒரு பட்டை, அது நிழலாம். பத்து நிமிடத்தில் படம் முடிந்துவிடும். ஆயினும், எடுத்துக் கடிக்கத்தக்க காயாக அது தாளில் கிடப்பதில்லை. வெட்டி ஒட்டிய பச்சைத்தாளாகக் கிடக்கும். இதில் கையின் பிழை சிறிது. கண்ணின் பிழையே பெரிது. 'வெள்ளரி பச்சை' என்று முன்னரே அறிந்திருந்த அறிவு, கண்ணுக்கு முன்னே வந்து நின்று விடையைச் சொல்லிவிட்டது. கண்ணுக்கு வேலையே இல்லாமற்போயிற்று.

இப்போது மீண்டும் பார்ப்போம். சன்னலை நோக்கிய பக்கத்தில் காயின் முதுகில் ஓடும் மெல்லிய கோடு பச்சையாக இல்லை. ஏறத்தாழ வெள்ளையாக, வானத்தின் நீலச் சாயலோடு மின்னுகிறது. அதனையடுத்து மஞ்சள் கலந்த இளம்பச்சை. ஒளியைவிட்டு விலகும் வளைவில் பச்சை ஆழ்ந்து கருக்கிறது. ஆனால், அடிப்பகுதிக்கு அருகில் அது இன்னும் கருப்பதற்கு மாறாகச் சற்றே வெளிறுகிறது. தாளின்மேல் விழுந்த ஒளி திரும்பி மேலெழுந்து காயின் அடியைத் தொடுவதே அதற்குக் காரணம். தாளில் கிடக்கும் நிழலையும் பாருங்கள். காய் தாளைத் தொடும் இடத்தில் அது செறிந்து, விலகிச் செல்லச் செல்ல மெலிகிறது; காயை ஒட்டிய பகுதியில் பச்சைச் சாயல் ஏறியிருக்கிறது. ஒரு சிறு காயில் இத்தனை நிறங்கள்! இவற்றுள் எதுவும் புதிதாக வந்ததன்று. பெயர் விலகியதும் தெரிந்தது, அவ்வளவே.

பெயரை விலக்குவதற்கு ஓவியர்கள் எளிய வழிகள் சில வைத்திருக்கின்றனர். இமையைப் பாதி மூடிப் பார்த்தால் நுட்பங்கள் மங்கி, ஒளிமிக்க பகுதியும் இருள்மிக்க பகுதியும் தனித்தனியே பிரியும். மற்றொரு வழி, தடித்த அட்டையொன்றில் மிளகளவு துளையிட்டு அதன்வழியே பார்ப்பது. துளைக்குள் காயும் தெரியாது, தாளும் தெரியாது. ஒரு துளி நிறம் மட்டுமே தெரியும். பெயரில்லாத அந்தத் துளியைக் கண் உள்ளவாறே காணும். வேடிக்கையான இச்செயலை ஒருமுறை செய்து பார்த்தவர், தாம் கறுப்பென்று எண்ணியிருந்த நிழல் ஊதாவாக இருப்பதைக் கண்டு தயங்குவர். அந்தத் தயக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நிறம் பூசாமல் கோட்டால் மட்டும் வரைந்த ஓவியத்தைப் 'புனையா ஓவியம்' எனச் சங்ககாலத்தவர் வழங்கினர். நெடுநல்வாடையில் அச்சொல்லாட்சி உள்ளது. கோடு ஒரு கல்வி, வண்ணம் மற்றொரு கல்வி என்னும் தெளிவு அப்பெயரிலேயே அமைந்துள்ளது. ஓவியரை மதுரைக்காஞ்சி 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. காண்பவர் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துபவர் என்று அதற்கு உரைகாரர் பொருள் கூறுவர். பிறர் கண்ணுக்குள் வினை நிகழ்த்துமுன் தம் கண்ணுக்குள் அதனை நிகழ்த்தியாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிழலுக்கும் நிறம் உண்டு

நிழல் கறுப்பு என்பது பெயர் தரும் விடைகளுள் மிகவும் பிடிவாதமானது. சித்திரை மாதத்து நண்பகலில் சாத்தூரில் சுண்ணாம்பு பூசிய வெண்சுவர் ஒன்றை நோக்குவோம். வெயில் விழும் பகுதி மஞ்சள் தோய்ந்த வெண்மையாகக் கண்ணைக் கூசச் செய்கிறது. அதே சுவரின் நிழற்பகுதிக்குக் கதிரவனின் நேர்ஒளி செல்லவில்லை. ஆயினும் அது இருண்டுவிடவில்லை. அதற்கு ஒளி தருவது வானம். வானம் நீலமாதலால் நிழலும் நீலம் தோய்கிறது. ஆகவே, வெண்சுவரை வரைபவர் வெள்ளையைக் காட்டிலும் மஞ்சளையும் நீலத்தையுமே மிகுதியாகக் குழைக்க வேண்டியிருக்கும்.

வானம் ஏன் நீலமாக இருக்கிறது? கதிரவன் ஒளியில் எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன. 1666ஆம் ஆண்டளவில் நியூட்டன் முப்பட்டகத்தைக் கொண்டு அவற்றைப் பிரித்துக் காட்டினார். அவ்வொளி காற்றின் மூலக்கூறுகளில் படும்போது நீலம் மிகுதியாகவும் சிவப்பு குறைவாகவும் சிதறுகின்றன. சிதறிய நீலமே வானமெங்கும் நிரம்புகிறது. மாலையில் ஒளி நெடுந்தொலைவு காற்றினூடே வரவேண்டியிருப்பதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் செம்மை எஞ்சுகிறது. 1921இல் கப்பற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்ட சர் சி. வி. இராமன், அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற அக்காலக் கருத்தை ஏற்காமல், நீரும் ஒளியைச் சிதறச் செய்கிறது என நிறுவினார். அந்த ஆராய்ச்சிப் பாதையே 1928இல் இராமன் விளைவுக்கும் 1930இல் நோபல் பரிசுக்கும் அவரை இட்டுச் சென்றது. கடல் நீலம் என்பது எல்லாரும் அறிந்த செய்திதான். அறிந்த செய்தியை அறியாததுபோல் பார்த்தவர் அவர்.

நிழலின் நிறத்தை வீட்டிலேயே கண்டறியலாம். கதிரவன் எழுமுன் சன்னலில் வெளிச்சம் மெல்லப் பரவும் வேளையில், மேசைமேல் வெள்ளைத்தாளை விரித்து ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். தாளின்மேல் எழுதுகோலை நிறுத்தினால் இரண்டு நிழல்கள் விழும். மெழுகுவத்தியின் ஒளியை எழுதுகோல் மறைத்த இடத்தில் சன்னல் வெளிச்சம் மட்டுமே படும். அந்நிழல் நீலமாகத் தெரியும். சன்னல் வெளிச்சம் மறைந்த இடத்தில் மெழுகுவத்தியின் ஒளி மட்டுமே படும். அது செம்மஞ்சளாகத் தெரியும். தாளும் ஒன்று, எழுதுகோலும் ஒன்று. இரு நிழல்களின் நிறம் மட்டும் வேறு.

கரிசல் மண்ணும் இவ்வாறே. பெயரிலேயே கருமையைச் சுமந்திருக்கும் அம்மண், கோடை நண்பகலில் வெடித்துக் காய்ந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும். ஒரு மழை பெய்தபின் உண்மையாகவே கறுத்து மினுங்கும். மாலையில் வெயில் சாய்ந்து விழும்போது உழுத சாலின் மேடுகள் செம்பொன்னாகவும் பள்ளங்கள் ஊதாவாகவும் மாறும். அறுவடைக் காலத்தில் களத்தில் காயும் மிளகாய் வற்றலின் அருகே நிற்பவரின் வெள்ளை வேட்டியில், முழங்காலுக்குக் கீழே ஒரு செம்மை ஏறியிருக்கும். அதனைக் கண்டு சொன்னால் வேட்டிக்காரர் நம்பமாட்டார்.

வெண்பொடியில் உறங்கும் செம்மை

நிறம் பொருளில் இருக்கிறதா, ஒளியில் இருக்கிறதா என்னும் வினாவுக்குச் சிவகாசி வட்டாரத்தைவிடச் சிறந்த விடை தருமிடம் அரிது. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்த வானம் பார்த்த பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேரூன்றின. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது இவ்வரலாற்றின் தொடக்கப்பக்கம்.

வானில் சென்று வெடித்து மலராக விரியும் வாணங்களுக்குள் சிறு உருண்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். இவற்றை இப்பகுதியினர் 'மணிமருந்து' என்பர். செந்நிறத்தில் எரிவதும் பச்சை நிறத்தில் எரிவதும் உருண்டையாக இருக்கும்போது செந்நிறமாகவோ பச்சையாகவோ தோன்றுவதில்லை. செந்நிறம் தரும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டு வெள்ளைப்பொடி. பச்சை நிறம் தரும் பேரியம் நைட்ரேட்டும் வெள்ளைப்பொடி. இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணால் வேறுபடுத்த இயலாது. தீ தொட்டதும் ஒன்று சிவக்கிறது, மற்றொன்று பசுமையாகிறது. ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கே உரிய நிறத்தில் ஒளியை உமிழ்வதால் இது நிகழ்கிறது. மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் செய்யப்படும் சுடர்ச்சோதனை, ஒரு கம்பி நுனியில் நிகழும் சிறு வாணவேடிக்கையே. சோடியம் மஞ்சளாக எரியும். மெக்னீசியமும் அலுமினியமும் வெண்மையாகச் சுடர்விடும். கரித்துகளும் இரும்புத்துகளும் பொற்பொறிகளாகச் சிதறும்.

இவற்றுள் நீலமே அரியது. செம்புச் சேர்மங்கள் நீலம் தருகின்றன. ஆனால், தீயின் வெப்பம் மிகுந்தால் நிறந்தரும் சேர்மம் சிதைந்து நீலம் வெளிறிவிடும், குறைந்தால் ஒளி போதாது. வானவேடிக்கையில் நல்ல நீலத்தைக் காணும்போது அதன்பின்னே தேர்ந்த ஒரு கலவைக்காரர் இருக்கிறார் எனக் கொள்ளலாம். பச்சைக்கு வேறொரு சிக்கல் நேர்ந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடைவிதித்தது. அதன்பின் வந்த 'பசுமைப் பட்டாசு' என்னும் பெயரிலுள்ள பசுமை, நிறத்தைக் குறிப்பதன்று. புகையையும் மாசையும் குறைத்ததைக் குறிப்பது.

மணிமருந்து கலக்கும் அறையில் சிறு உராய்வும் உயிரைக் குடித்துவிடும். இதனைப் பாடநூலில் படித்து அறியவேண்டிய நிலையில் இப்பகுதி மாணவர் எவரும் இலர். வண்ணத்தைப் பற்றிப் பேசும் கட்டுரையில் அதனைக் கையால் குழைத்தவர்களை மறப்பது தகாது என்பதற்காகவே இங்குக் குறித்தேன்.

புள்ளிகளால் ஆன தெய்வம்

வாணத்தில் நிறம் ஒளியாகவே பிறக்கிறது. அச்சகத்திலோ ஒளியை விழுங்குவதால் நிறம் பிறக்கிறது. நாட்காட்டி ஒன்றிலுள்ள படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பாருங்கள். முகம் மறைந்து புள்ளிகள் தோன்றும். 'சியான்' எனப்படும் இளநீலம், 'மெஜந்தா' எனப்படும் செவ்வூதா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கே மைகளின் புள்ளிகள். இலையின் பச்சையை ஆக்கியது பச்சை மை அன்று; மஞ்சளும் இளநீலமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததே அப்பச்சை. மஞ்சள் மை நீல ஒளியை விழுங்குகிறது. இளநீல மை சிவப்பு ஒளியை விழுங்குகிறது. இரண்டுக்கும் தப்பிய பச்சை நம் கண்ணை வந்தடைகிறது. கண்ணின் வெண்விழியில் பளிச்சிடும் புள்ளியைப் பார்த்தால் அங்கு மையே இல்லை; அது வெறுந்தாள். அச்சில் வெளிச்சம் என்பது தாளின் கொடை.

நான்கு மைகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பிசகினால் உதட்டின் சிவப்பு உதட்டை விட்டு விலகித் தெரியும். காற்றில் ஈரம் மிகுந்தால் தாள் விரிந்து இப்பொருத்தம் கெடும். சிவகாசியின் வறண்ட காற்று, பயிருக்குப் பகையாக இருந்தும் அச்சுக்கு நட்பாக அமைந்த காரணங்களுள் இதுவும் ஒன்று.

கைப்பேசித் திரையின்மீது ஒரு சிறுதுளி நீரைத் தெளித்துப் பாருங்கள். துளி உருப்பெருக்கியாகிச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிக்கோடுகளைக் காட்டும். அங்கே சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சளாகும்! வண்ணக்குழம்பில் அவ்விரண்டையும் கலந்தால் சேற்று நிறமே கிட்டும். ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடும். குழம்போடு குழம்பு சேர்ந்தால் வெளிச்சம் குறையும். தூரிகை கழுவிய நீர் இறுதியில் எப்போதும் ஒரே பழுப்பாக நிற்பதன் காரணம் இதுவே.

ஆதலால், குழைக்காமல் நிறங்களைச் சேர்க்கும் வழியொன்று வேண்டும். நெசவாளர் அதனை நெடுங்காலமாக அறிவர். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் வைத்து நெய்யும் 'மயில்கழுத்து'ச் சேலையில் நூல்கள் கலப்பதில்லை. காண்பவர் கண்ணில் நிறங்கள் கலக்கின்றன. அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் என்பதை ஆராய்ந்தவர் பிரான்சு நாட்டு வேதியியலாளர் செவ்ரூல். பாரிசின் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலையில் சாயப்பிரிவின் தலைவராக இருந்த அவரிடம், கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று முறையிட்டனர். சாயத்தில் குறை எதுவும் இல்லை. அருகிலிருந்த நூலின் நிறமே கறுப்பை வெளிறச் செய்தது எனக் கண்டறிந்து, 1839இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். சிவப்புக்கரை பச்சைச்சேலையில் பற்றியெரிவதும் ஆரஞ்சுச்சேலையில் அடங்கிப்போவதும் அந்நூலின் பொருள். அதனைப் படியாமலேயே அருப்புக்கோட்டைத் தறிகளில் கரைக்கு நிறம் தேர்ந்தவர்கள் உண்டு.

கோவில்பட்டியில் ஓர் ஓவியச்சாலை

சாத்தூருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் சற்றுத் தொலைவில் உள்ளது கோவில்பட்டி. சி. கொண்டையராஜு (1898–1976) அவ்வூரில் தங்கி வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழகமெங்கும் வீட்டுச் சுவர்களை அடைந்தன. சென்னை ஓவியப்பள்ளியில் பயின்றவர். சிலகாலம் திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். பின்னர் நாடகக்குழுவுக்குக் காட்சித்திரைகள் தீட்டியவர். மணம் செய்துகொள்ளாமல் மாணவர்களுடனேயே வாழ்ந்தார். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோர் அம்மரபில் வந்தவர்கள். பல படங்களில் கொண்டையராஜுவின் பெயரும் சுப்பையாவின் பெயரும் இணைந்தே காணப்படும்.

நாடகத்திரை தீட்டிய அனுபவம் எளிதன்று. விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலம் மங்கும். மென்மையான வேறுபாடுகள் கடைசி வரிசைக்கு எட்டா. பகலில் கண்ணைப் பறிக்கும் நிறம் இரவில் அளவாகத் தெரியும். அவ்வாறு பயின்ற கை தெய்வப்படங்களிலும் தொடர்ந்தது என்பது என் கருத்து. அடுக்களைப் புகை படிந்த சுவரில், ஓர் அகல்விளக்கின் ஒளியில், ஆண்டு முழுவதும் தொங்கவேண்டிய படத்திற்கு அந்தத் துலக்கம் தேவையாகவே இருந்தது.

அப்படங்களை ஒளிக்காக மட்டும் ஒருமுறை பாருங்கள். கன்னமும் தோளும் திரண்டு தெரியுமாறு மென்மையான ஒளிநிழல் உண்டு. எண்ணெய் வண்ணத்தில் அம்முறையைக் கையாண்ட இரவிவர்மா 1894இல் பம்பாய் அருகே அச்சகம் நிறுவியதுமுதல் அது தெய்வப்படங்களில் வேரூன்றியது. ஆயினும், வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தேடினால் விடை கிட்டுவது கடினம். நகைகள் எல்லாப் பக்கமும் மின்னும். தரையில் விழவேண்டிய நிழல் பெரும்பாலும் இல்லை. இதனை அறியாமை என்பது பிழை. ஓவியப்பள்ளியில் பயின்றவருக்கு நிழல் தெரியாதா? தெய்வமே ஒளியாக நிற்கும்போது அதற்கு நிழலிட வேறு விளக்கு ஏது?

நாட்காட்டிப் படங்களை இழித்துரைப்போர் கூற்றில் எனக்கு உடன்பாடில்லை. எனினும், அவற்றைப் பார்த்தே வரையப் பழகும் மாணவருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. கொண்டையராஜு முதலில் ஒளியைப் பார்க்கக் கற்றார். பின்னரே அதனை விலக்கினார். அவர் விலக்கியதை மட்டும் நகலெடுப்பவர் முதற்பாடத்தை இழந்துவிடுவார்.

ஒரே வைக்கோற்போர்

அந்த முதற்பாடத்தையே வாழ்நாள் முழுவதும் கற்றவர் என்று பிரான்சு நாட்டு ஓவியர் கிளாடு மோனேயைச் சொல்லலாம். 1890–91ஆம் ஆண்டுகளில் தம் வீட்டருகே இருந்த வைக்கோற்போர்களை ஏறத்தாழ இருபத்தைந்து முறை வரைந்தார். காலை, நண்பகல், மாலை, பனிபடர்ந்த நாள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணி. பல துணிகளைச் சுமந்து சென்று, ஒளி மாறியதும் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நம் ஊரில் வைக்கோற்போரை இருபத்தைந்து முறை வரையும் ஒருவரைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எண்ணிப்பார்க்கலாம். அவர் வரைந்தது வைக்கோலை அன்று. அதன்மேல் அமர்ந்து எழுந்து செல்லும் வெளிச்சத்தை.

முதுமையில் மோனேயின் கண்களில் புரை படர்ந்தது. புரை படர்ந்த கண்வில்லை மஞ்சளும் பழுப்புமாகி நீல ஒளியைத் தடுத்துவிடும். அக்காலத்தில் அவர் தீட்டிய தோட்டக்காட்சிகள் சிவப்பும் பழுப்புமாகக் கனன்றன. 1923இல் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பின்னரே நீலம் மீண்டது. கண் வெறும் சன்னல் அன்று, அதுவும் ஒரு வண்ணக்கண்ணாடி என்பதை அப்படங்கள் காட்டுகின்றன.

இதனைத் தென்தமிழகம் வேறொரு வழியில் நன்கறியும். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்த நிலையிலும் கண் அறுவை மருத்துவத்தில் தேர்ச்சி பெற்று, 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொண்டையராஜு மறைந்த ஆண்டும் அதுவே. கட்டு அவிழ்த்த முதியவர்கள் வானத்தின் நீலத்தையும் வேட்டியின் வெண்மையையும் கண்டு வியந்து நிற்பது கண் மருத்துவர்கள் பன்முறை கண்ட காட்சி. மெல்ல மெல்லப் பழுப்பேறிய உலகை அவர்கள் இயல்பென்றே நம்பியிருந்தனர்.

தோலின் நிறம்

புரை இல்லாத கண்ணிலும் பழுப்பேறியிருக்கக் கூடும். வண்ணக்குச்சிப் பெட்டிகள் சிலவற்றில் வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றின்மீது 'தோல் நிறம்' என்று அச்சிட்டிருப்பதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். அம்மாவை வரைந்த குழந்தை, எதிரில் நிற்கும் அம்மாவைப் பார்க்காமல், பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்து வண்ணம் தீட்டியது. வெள்ளரியைப் பச்சையாக்கிய அதே பிழைதான் இது. ஆனால், வெள்ளரிக்கு அதனால் வருத்தம் ஏதுமில்லை.

மாந்தளிரை ஒத்த மேனியின் அழகுக்கு 'மாமை' என்று தனிச்சொல் வைத்திருந்தது பழந்தமிழ். அச்சொல் வழக்கிழந்தது. நாட்காட்டியிலும் விளம்பரத்திலும் வெண்மேனியே அழகென நிலைபெற்றது. இந்நிலையில், கும்பகோணம் அருகே பிறந்து, அங்குள்ள அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னையிலும் பயின்ற ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் தனித்து நிற்கின்றன. (இசையமைப்பாளர் வேறு, இவர் 2021இல் கொரோனாவால் மறைந்த ஓவியர்.) இருண்ட அடுக்களை, சன்னல்வழி இறங்கும் ஒளி, அவ்வொளியில் வேலையின் நடுவே நிற்கும் கருநிறப் பெண்கள். அவ்வோவியங்கள் புகைப்படம் போன்றுள்ளன என்பதே அவற்றுக்குப் பலரும் தரும் பாராட்டு. எனக்கு அப்பாராட்டு போதுமானதாகத் தோன்றவில்லை. கரிய தோலின்மேல் ஒளி எத்தனை நிறமாக உடைகிறது என்பதை அவர் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். வெளிறிய தோல் ஒளியைப் பரப்பிவிடும். கரிய தோல் அதனைக் குவித்து மினுக்கும். நெற்றியில் வானத்தின் நீலம், கன்னத்தில் செம்மண், கழுத்து மடிப்பில் ஆழ்ந்த ஊதா என அத்தனையும் அங்கு உண்டு.

நீங்களும் முயலலாம். மாலை நான்கு மணியளவில் உங்கள் தோழரையோ தோழியையோ வகுப்பறைச் சன்னலருகே, ஒளி ஒருபக்கமாக விழுமாறு அமரச் செய்யுங்கள். மிளகளவு துளையிட்ட அட்டையின்வழியே முகத்தின் ஐந்து இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காவிப்பழுப்பும் கருநீலமும் சேர்ந்தால் உயிருள்ள கருமை கிடைக்கும். புட்டியில் வரும் கறுப்பு தேவைப்படாது. அதனோடு மஞ்சளைச் சிறிது சேர்த்தால் ஒளி விழும் கன்னம். மூக்கின் மேற்புறத்திலும் நெற்றியிலும் மின்னும் இடத்திற்கு நீலம் தோய்ந்த சாம்பல். தாடையின் கீழ் அணிந்திருக்கும் சட்டையின் நிறம் மெல்ல ஏறியிருக்கும், அதனையும் விடவேண்டாம். அரைமணி நேரத்தில் வெயில் நகர்ந்து எல்லாம் மாறிவிடும், ஆதலால் விரைந்து வரையுங்கள். 'தோல் நிறம்' என்று எழுதிய குச்சி பெட்டியிலேயே இருக்கட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள வெண்சுவர் ஒன்றைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் பார்த்து, 'வெள்ளை', 'கறுப்பு' என்னும் சொற்களைப் பயன்படுத்தாமல் அதன் நிறங்களை ஒரு பத்தியில் எழுதுக.

2. உங்கள் வீட்டிலுள்ள நாட்காட்டிப் படமொன்றில் ஒளி எத்திசையிலிருந்து வருகிறது எனக் கண்டறிந்து, வகுப்பில் காரணத்துடன் கலந்துரையாடுக.

3. பாவு, ஊடை, மணிமருந்து போன்று உங்கள் பகுதித் தொழிலில் வழங்கும் சொற்களுள் நிறத்தோடு தொடர்புடையவற்றைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.